குப்பைத்தொட்டியில் கிடைத்த செல்ஃபிகள்

பெருங்களத்தூரில் அடுக்குமாடிக் கட்டட வேலையின்போது சாரம் சரிந்து என் கணவரின் கால் முறிந்தது. இழப்பீடு கேட்டால், "உங்க வூட்டுக்காரரு யாருன்னே தெரியாதும்மா" என்று சாதித்தார் கான்ட்ராக்டர்.

இலவச சட்ட உதவி மையத்துக்கு ஓடினேன். "அட்டெண்டன்ஸ் எப்படிம்மா எடுப்பாங்க?" என்று வக்கீலம்மா கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. தினமும் காலையில் கட்டடத்தின் முன் செல்ஃபி எடுத்து மேஸ்திரிக்கு அனுப்புவார் இவர். இவர் போனில் இடமில்லையென்று முந்தின நாள்தான் அத்தனையையும் அழித்திருந்தேன்!

"அழாதீங்க. போன்லயே குப்பைத்தொட்டி இருக்கும், அதுல பாருங்க" என்றார். எல்லாப் படங்களும் இருந்தன! ஒன்றில் இவர் தோளுக்குப் பின்னால் டீ குடித்தபடி கான்ட்ராக்டரே நின்றிருந்தார். விசாரணையில் அதைக் காட்டியதும் இழப்பீடு தரச் சொல்லி உத்தரவானது. ஜெயித்துவிட்டோம்!

இப்போது புது வேலையிலும் இவர் செல்ஃபி அனுப்புகிறார். முதலில் எனக்கு, அப்புறம்தான் மேஸ்திரிக்கு.

– ஸ்டெல்லா, முடிச்சூர்