மலரக்காட குளிசை

உங்கட வீட்டு அலுமாரிக்க வேற ஆள்ற மிச்சக் குளிசை, மாத்திரை கெடக்கா? பொய் சொல்லாதீங்க, கெடக்கும். எங்கட வீட்டயும் கெடக்கு.

நான் கேம்பஸ் முடிச்சு சேர்ஜிக்கல் வார்ட்ல இன்டர்ன் டொக்டராச் சேர்ந்த புதுசு. ஸ்டெதஸ்கோப்பக் கழுத்தில போட்டா ஒரு நடை வரும்தானே, அந்த நடைதான். ஒரு நாள் காலம்புற பெரியகல்லாறு தவராசா அண்ணன் வயித்தப் பொத்திக்கிட்டு வந்தார். வாவியில வலை வீசுற ஆள்.

"தம்பி, மூத்திரம் போகுதில்ல. நேத்தையில இருந்து ஒரு சொட்டில்ல."

அடிவயித்தில கை வச்சா கல்லு மாதிரி. முதல்ல சிவப்பாப் போனதாம், மறுகா கொஞ்சம் கொறஞ்சதாம், மறுகா அடைச்சே போச்சாம்.

"மருந்து ஏதும் போட்டீங்களாண்ணே?"

"சேச்சே. நான் மருந்தே போடாத ஆள்."

மூத்திரம் போகக் கதீட்டர் குழாய் போட்டம். கொஞ்சம் ரத்தம் வந்திட்டு அதுவும் அடைச்சிட்டு. ஸ்கேன்ல வலது கிட்னியில கல்லு, பிளாடர், அதான் மூத்திரப்பை, முழுக்க ரத்தக்கட்டி, ரெண்டு கிட்னியும் வீங்கி நிக்குது. இது திறபடாட்டி கிட்னி போகும். எனக்கு மேல உள்ள சீனியர் ரெஜிஸ்ட்ரார் மேடம் தடிச்ச த்ரீ-வே கதீட்டரப் போட்டுத் தண்ணி விட்டு வோஷ் அவுட் பண்ணினா. சிரிஞ்சில இழுக்க இழுக்க ஈரல் துண்டு மாதிரிக் கட்டி வருது. திரும்பவும் அடைக்குது.

மேடம் என்னைப் பார்த்தா. "இது றப்பர் மாதிரி இரிக்கிடா. இந்தாள் என்னமோ போட்டிரிக்கார். திரும்பக் கேள்."

கேட்டன். அண்ணன் கூரையப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மருந்து போடல்ல தம்பி. மலர்ட குளிசைதான் போட்டன்."

மலரக்கா அவர்ர வைஃப். குவைத்தில வீட்டு வேலை. போக முதல் அவவுக்கு மாதப்போக்கு கூடிக் கிளினிக்ல குடுத்த குளிசை, ட்ரனெக்ஸாமிக் அசிட். ரத்தத்த நிப்பாட்டுற சாமான். மிச்சம் பெட்டியோட அலுமாரிக்க அவட சாரிக்குக் கீழ கெடந்திரிக்கு. அவக்கு நிண்டதுதானே, எனக்கும் நிக்கும் எண்டு அவ போட்ட மாதிரியே நாளுக்கு மூணு நேரம் போட்டிரிக்கார்.

அவவுக்கு அது நல்ல மருந்துதான். ஆனா கிட்னியில இருந்து ரத்தம் வாற ஆளுக்குக் கதை வேற. மூத்திரத்துக்க ரத்தக்கட்டியக் கரைக்கிற சாமான் இயற்கையாவே இரிக்கு. இந்தக் குளிசை கட்டியக் கரைய விடாது. கரையாத கட்டி மூத்திரக் குழாய்க்க போய் இறுகினா ரத்தத்தோட சேர்ந்து மூத்திரமும் நிண்டிரும்.

"ரத்தத்தக் கண்டோண்ண ஏன்ணே ஆஸ்பத்திரிக்கு வரல்ல?"

"வந்தா ஊர்ச்சனம் வாட்ஸ்அப்ல அவக்குச் சொல்லிருங்கள் தம்பி. அவ அடுத்த பிளேன்ல வந்திருவா. வீடு கூரை இல்லாமக் கெடக்கு."

"வந்தா நல்லந்தானே?"

"நல்லந்தான்," எண்டார்.

குளிசைய நிப்பாட்டி, கதீட்டரால தண்ணிய ஓட விட்டுக்கொண்டே இருந்தம். அடுத்த நாள் பின்னேரம் கதீட்டர்ப் பையில பிளேன்டீ கலர்ல மூத்திரம் இறங்கிச்சு. சத்தியமாச் சொல்றன், டெண்டுல்கர் செஞ்சரிக்கும் நான் அப்பிடிக் கத்தினதில்ல.

அந்த நேரம் பார்த்து மலரக்காட வீடியோ கோல். அண்ணன் அவசரமாப் போர்வைய இழுத்துக் கதீட்டரை மூடினார்.

"இஞ்சாருங்க, எங்க நிக்கிறீங்க?"

"களுவாஞ்சிக்குடியில, அக்கா வீட்ட."

"அக்கா எப்ப பச்சைத் திரை போட்டவ? உங்கட பின்னால ஊசி வண்டில் போகுது. என்னை என்ன மொக்குக் கழுதை எண்டு நினைச்சீங்களா?"

மலரக்கா கேட்டு ஃபோன் என்ட கைக்கு வந்திட்டு. நான் நடந்ததச் சொன்னன். எல்லாம். மலரக்கா அழுவா எண்டு நினைச்சன். அவ அவரத்தான் கேட்டா.

"என்ட அலுமாரிய ஏன் துறந்தீங்க?"

"எப்பவும் துறக்கிறதுதான்," எண்டார் அண்ணன். "உன்ட சாமான் ஒண்டையும் நான் இடம் அரக்கல்ல புள்ள. சும்மா துறந்து பார்த்திட்டுப் பூட்டுவன்."

அவ, "நான் வாறன்," எண்டா.

"வேணாம். எனக்கு ஒண்டுமில்ல. கூரை போட்டோண்ண வா." என்ட கையில இருந்த ஃபோன வாங்கிக் கட் பண்ணிட்டார். முகத்தச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

வீட்ட போற அண்டைக்குச் சொன்னன், "அண்ணே, மிச்சக் குளிசைய இஞ்ச கொண்டுவந்து தாங்க, நாங்க அழிக்கிறம்."

"தாறன். அந்த வெறும் பெட்டிய நான் வச்சிக்கொள்ளட்டா?"

ஓம் எண்டன்.

அண்டையில இருந்து 'மருந்து போட்டீங்களா' எண்டு கேட்டு நிப்பாட்டுறதில்ல. 'வீட்டில வேற ஆருட குளிசையும் போட்டீங்களா' எண்டும் கேட்பன். நீங்களும் மூத்திரத்தில ரத்தத்தக் கண்டா ஒண்டும் முழுங்காம நேரா வாங்க.

போன கிழமை கிளினிக்கில அண்ணனக் கண்டன். கல்லு எடுத்தாச்சு, கிட்னி ஓகே. கூரைக்கு மரம் வந்திட்டாம். மலரக்கா இன்னும் குவைத்திலதான்.