வடலூர் தாண்டிட்டேன்

நெய்வேலிக்கென்று ஒரு விமான நிலையம் இருக்கிறது. ஓடுதளம் இருக்கிறது, சுற்றுச்சுவர் இருக்கிறது, விமானம் மட்டும் இல்லை. இதோ வருகிறது, அடுத்த மாதம் வருகிறது என்று ஊரில் பேசிப் பேசியே எனக்குத் தலை நரைத்துவிட்டது. அம்மா மட்டும் அதை விடாமல் நம்பினாள். "ஐதராபாத்துல ஏறினா இங்கியே எறங்கிடலாம்டா. ஆட்டோ புடிச்சா பத்து நிமிஷத்துல வூடு" என்பாள். அதுவரைக்கும் எனக்குப் புதுச்சேரிதான் கதி. லாஸ்பேட்டையில் இருக்கிற அந்தச் சின்ன விமான நிலையத்தில் இறங்கி, டெம்போவோ டவுன் பஸ்ஸோ பிடித்துப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அங்கிருந்து ஊருக்குப் போக வேண்டும். ஐதராபாத்திலிருந்து புதுச்சேரி வருவதைவிட, புதுச்சேரியிலிருந்து நெய்வேலி போகத்தான் அதிக நேரம் ஆகும்.

பொங்கல் முடிந்த வாரம், காலை ஏழு மணிக்கு அக்கா போன் செய்தாள். அம்மா ஒன்பது நாளாக நெய்வேலி டவுன்ஷிப் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில், தொண்டையில் குழாயோடு கிடந்தாள். முதல் நான்கு நாள் நானும் கூட இருந்துவிட்டு, வேலையைச் சாக்குச் சொல்லி ஐதராபாத்துக்குத் திரும்பியிருந்தேன்.

"குழாய எடுத்துட்டாங்கடா. அம்மா பேசுது. ஒரே ஒரு நிமிஷம் என்ன உள்ள வுட்டாங்க. உன்னத்தான் கேக்குது" என்றாள் அக்கா. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சந்தோஷப்பட்டுடாதீங்கன்னு டாக்டர் சொல்றாரு. திரும்பவும் குழாய் போடற மாதிரி ஆயிடுமாம். இன்னிக்கே வந்துடு" என்றாள்.

அங்கே பார்வையாளர் நேரம் மாலை நாலிலிருந்து ஐந்து வரை. ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ். அந்தப் பாஸில் ஓர் ஆள் ஒரே ஒரு தடவை உள்ளே போகலாம். வெளியே வந்ததும் வாசலில் இருக்கிற காவலாளி அதை வாங்கிக்கொள்வார். அதற்கப்புறம் மறுநாள் நாலு மணிதான்.

பகல் ஒரு மணிக்குப் புதுச்சேரியில் இறங்கி அக்காவைக் கூப்பிட்டேன். "அங்கியே ஒரு கார் புடிச்சிக்கினு வந்துடுடா" என்றாள். வாசலில் கார்க்காரர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் என் பையில் கைவைக்கவே வந்துவிட்டார். நான் அவரைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு அக்காவிடம் சொன்னேன்: "ஒன்னே முக்காலுக்கு நெய்வேலிக்கு டைரக்ட் பஸ் இருக்குக்கா. நாலேகாலுக்கெல்லாம் அங்க இருப்பேன்."

காசுக்காகச் சொன்னதில்லை. எங்கள் டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பஸ் சொன்ன நேரத்துக்கு வரும் என்று நம்புவோம். அப்பாவுக்கு நிலக்கரி மைன்ஸில் மூன்று ஷிப்ட். ஷிப்டுக்குப் போகிற பஸ் எங்கள் பிளாக் முனைக்கு வரவேண்டிய நேரத்துக்கு வரும், போகவேண்டிய நேரத்துக்குப் போகும். அம்மா கடிகாரத்தைப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. "செகண்ட் ஷிப்ட் பஸ் போயிடுச்சி, இன்னும் என்ன தூக்கம்" என்று மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுப்புவாள். பஸ் திரும்புகிற சத்தம் கேட்டதும் அடுப்பில் தோசைக்கல்லை வைப்பாள், கல் காய்வதற்குள் அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். டவுன்ஷிப்பின் வாசலான ஆர்ச் கேட்டைத் தாண்டினால் உலகம் அப்படி நடப்பதில்லை என்பது இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் ஒன்னே முக்கால் பஸ் என்றால் ஒன்னே முக்காலுக்கு வரும் என்றுதான் அன்றைக்கும் போய் நின்றேன்.

டெம்போ என்னைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டபோது ஒன்றரை. கடலூர் பஸ் ஒன்று கிளம்பும் நிலையில் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே பாதி சீட் காலி. அதில் ஏறி, கடலூரில் இறங்கி, அங்கே விருத்தாசலம் போகிற பஸ் எதையாவது பிடித்திருந்தால் நாலரைக்குள் அம்மா முன்னால் நின்றிருப்பேன். கண்டக்டர் படியில் தொங்கியபடி என்னைப் பார்த்து "கடலூரா சார்?" என்று கேட்கவும் கேட்டார். நான் பெரிய மனிதனாட்டம் தலையை ஆட்டி மறுத்தேன்.

ஒன்னே முக்கால் ஆயிற்று, இரண்டும் ஆயிற்று. இன்னொரு கடலூர் பஸ் போனது, அதற்கப்புறம் இன்னொன்று. நின்றவரைக்கும் நின்றாயிற்று, இனிமேல் விட்டுவிட்டுப் போனால் முதுகுக்குப் பின்னால் அது வந்து நின்று சிரிக்கும் என்று வீம்பாக நின்றேன். அழுக்குச் சுவரில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றியையும் படித்தேன். திண்டிவனம், விழுப்புரம், சிதம்பரம், மறுபடியும் திண்டிவனம். இரண்டேகாலுக்குத்தான் டைம் கீப்பரிடம் போய்க் கேட்கவேண்டும் என்று புத்தி வந்தது. அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அது இன்னிக்கி ட்ரிப் கட்டுங்களே, வராது" என்றார்.

கடலூரில் இறங்கும்போது மூன்றே கால் தாண்டிவிட்டது. விருத்தாசலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே கண்டக்டரிடம், "ஆர்ச் கேட்டுக்கு எத்தன மணிக்குங்க போவும்?" என்று கேட்டேன். "அஞ்சு ஆயிடும்ங்க. வழியில ரோடு வேல நடக்குது" என்றார். எத்தனை மணிக்கு என்ற கேள்விக்கு அன்றைக்கு ஒரே ஒருவர்தான் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னார். அதை நான் காதில் வாங்கி வைத்துக்கொண்டேன், அக்காவுக்குச் சொல்லவில்லை.

பக்கத்து சீட்டில் சேத்தியாத்தோப்புக்குப் போகிற ஓர் ஆள், மடியில் புது மிக்ஸிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். குள்ளஞ்சாவடிகூட வரவில்லை, போனில் யாரிடமோ, "இதோ வடலூர்ல எறங்கினு இருக்கேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார், நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்துப் பஸ்களில் ஒருத்தரும் இருக்கிற இடத்தில் இருப்பதில்லை. கேட்கிறவர்களுக்கும் அது தெரியும், நாலு ஊரைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுவார்கள். அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை.

நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு அக்கா கூப்பிட்டாள். பஸ் குறிஞ்சிப்பாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று டிரெய்லர் சாய்ந்து ரோட்டை அடைத்திருந்தது. ஆட்கள் கரும்புக் கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாஸ கையில வெச்சிக்கினு நிக்கிறேன். எங்கடா இருக்க?"

"வடலூர் தாண்டிட்டேன்கா."

"அப்ப சரி, நான் உள்ள போவல. நீ நேரா மேல வந்துடு."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். "இல்லக்கா, நீ போ, எனக்கு அஞ்சு மணி ஆயிடும்." சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அம்மா கேட்டது என்னை. ஐதராபாத்திலிருந்து பறந்து வந்தது நான். அந்தப் பாஸ் என்னுடையது என்று என் மனம் அடம்பிடித்தது. ஒன்பது நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தவள் அக்கா என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது?

டிராக்டரை நகர்த்தி வழிவிட இருபது நிமிஷம் ஆயிற்று. பஸ் வடலூர் நாலு ரோட்டுக்குள் நுழையும்போது நாலே முக்காலுக்குக் கொஞ்சம் முன். மறுபடியும் அக்கா. இந்தத் தடவை அவள் குரலில் அழுகை முட்டிக்கொண்டிருந்தது. "டேய், டைம் ஆவுது. நான் போய்ப் பாத்துட்டு வந்துடட்டா?"

"ஆர்ச் உள்ள வந்துட்டேன்கா. ரெண்டே நிமிஷம்."

சொல்லிவிட்டு பஸ்ஸிலிருந்து குதித்து ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரர் பாவம், அடித்துப் பிடித்துத்தான் ஓட்டினார். நான் ஒவ்வொரு நிமிஷமும் போனில் மணியைப் பார்த்தேன். ஆர்ச்சுக்குள் நிஜமாகவே நுழைந்தபோது ஐந்தாக இரண்டு நிமிஷம் இருந்தது. மரங்கள், அளவெடுத்த மாதிரி ரோடுகள், ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ்கள், ஒவ்வொரு ரவுண்டானாவிலும் ஆட்டோ ஒடித்துத் திரும்புவது. ஆஸ்பத்திரிப் படிகளில் ஏறும்போது ஐந்து மணி பத்து நிமிஷம்.

அக்கா வார்டு கதவுக்குப் பக்கத்தில் சுவரை ஒட்டி நின்றிருந்தாள். பாஸ் அவள் விரலிடுக்கில் இருந்தது. நான் அதைப் பிடுங்கிக்கொண்டு கதவுக்குப் போனேன். காவலாளி குறுக்கே வந்து, "டைம் முடிஞ்சிபோச்சிங்க. டாக்டருங்க ரவுண்ட்ஸ் வந்துட்டாங்க" என்றார். நான் கத்தினேன். பத்து நிமிஷத்தில் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்டேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "நான் இன்னாங்க பண்றது? இந்தம்மாவ நாலு தரம் கேட்டேன், நீங்களாச்சும் போயி பாத்துட்டு வாங்கன்னு. தம்பி கீழ வந்துட்டான், படியேறினு இருக்கான்னாங்க" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கதவில் இருந்த சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பச்சைத் திரைதான் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் வெளியே வந்தாள். சின்னப் பெண். எங்கள் இருவரையும் பார்த்துக் கோபப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். "ஏன் யாருமே வரல? உங்கம்மா நாலு மணியிலருந்து கதவையே பாத்துக்கினு இருந்தாங்க. யார் உள்ள வந்தாலும் தலையத் தூக்கிப் பாத்தாங்க. யாரும் வரலியான்னு கேட்டுக்கினே இருந்தாங்க. வருவாங்கம்மான்னு சொன்னேன்" என்றாள். அப்புறம் அவளும் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் விடியும்போதே அம்மாவுக்கு மூச்சு வாங்கி, திரும்பக் குழாய் போட்டுவிட்டார்கள். அன்று நாலு மணிக்கு அக்கா என்னைத்தான் உள்ளே அனுப்பினாள். மருந்து மயக்கத்தில் அம்மாவின் கண் இமைகூட அசையவில்லை. கையைப் பிடித்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. வந்துட்டேம்மா என்றேன். அதற்கடுத்த நாள் மத்தியானம் அம்மா போய்விட்டாள்.

காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பேசினாங்களா, புள்ளையப் பாத்தாங்களா என்று. அக்கா சளைக்காமல் ஒவ்வொருவருக்கும் சொன்னாள். "அவன் மேல ஒரு தப்பும் இல்லீங்க. பிளைட் புடிச்சி ஓடியாந்தான். ஆர்ச் வரைக்கும் டைமுக்கு வந்துட்டான், உள்ள என்னா ட்ராபிக்கோ, மாட்டிக்கினான். தப்பு என்னுதுதான். பாஸ கையில வெச்சிக்கினு மரம் மாதிரி நின்னேன். உள்ள போயி, தம்பி வந்துக்கினு இருக்கான்மான்னாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். எனக்கு அந்த புத்தி இல்லாம போச்சி."

ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்லும்போது அவள் அழுதாள். சொந்தக்காரர்கள், "நீ என்னம்மா பண்ணுவ" என்று தேற்றினார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, "விடுக்கா" என்றேன்.