பாண்டிக்காரனுக்கு வீடு உண்டோ?

வீட்டுத் தரகன் பொய் சொல்லிப் பிழைக்கிறவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இந்தத் தொழிலில் பொய்க்கு அவசியமே கிடையாது, உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

வீட்டுக்காரர் இருமினாலே எழுந்து நின்று பழகிய வாசகர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சொந்த வீட்டில் பிறந்து சொந்த வீட்டிலேயே காலம் தள்ளுகிற பாக்கியவான்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

அந்நிய தேசத்துக்குப் பிழைக்கப் போனவன் என்றால் ஜனங்கள் உடனே கப்பலை நினைக்கிறார்கள். எனக்குக் கப்பல் வேண்டியிருக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மாட்டுவண்டியில் வந்து எல்லைச் சாவடியைத் தாண்டினேன். ராஜா மாறினார், காசு மாறியது, பாஷை மாறியது, அரிசிகூடச் சிவப்பாகிவிட்டது. சாவடிக் காவலாள் என் மனைவி சிவகாமியின் தலையணைக்குள் புகையிலை இருக்கிறதா என்று கம்பியை விட்டுப் பார்த்தான். வழியெல்லாம் பஞ்சு பறந்தது. திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவில் ஒரு தானிய மண்டிக்குக் கணக்கெழுத வந்தவன் நான். மண்டி முதலாளி காலமாகி, பிள்ளைகள் கடையை மூடிய பிறகு எனக்கு வேலை இல்லை. ஆனால் ஊரிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் எல்லாம், "அண்ணாச்சி, ஒரு வீடு பாத்துக் குடுங்க" என்று என்னைத் தேடி வருவது மட்டும் நிற்கவில்லை. அதையே தொழிலாக்கிக்கொண்டேன்.

நாணுப்பிள்ளையின் விசாரணை

மற்றவர்களுக்கு வீடு பார்ப்பதற்கு முன் எனக்கே ஒரு வீடு வேண்டியிருந்ததே, அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சாலைக்குப் பின்புறம் ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சில வீடுகள். சொந்தக்காரி ஜானகியம்மா என்ற நாயர் ஸ்திரீ. அவள் தம்பி நாணுப்பிள்ளை, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அந்த நாட்டு வழக்கப்படி சொத்து பெண்வழியில் போகும். ஆகையால் வீடு அக்காவுடையது, சந்தேகம் தம்பியுடையது.

மடியில் குடையை வைத்துக்கொண்டு அவர் என்னை விசாரித்தார். மீன் வாங்குவீர்களா என்றார். சைவம் என்றேன். "மீன் கூட்டாத ஆளுக்குக் கோபம் ஜாஸ்தி" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். எத்தனை பேர் என்றார். இரண்டே பேர் என்றேன். "இப்போ ரெண்டு" என்றார். வெளியே வெயிலில் சிவகாமி பெட்டியின் மேல் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கடைசியாக, எதற்கு ஊரை விட்டு வந்தீர் என்றார். மழை பொய்த்துப்போனது, இருந்த நிலத்தை அண்ணன் பார்க்கிறார், இங்கே வேலை கிடைத்தது என்று உள்ளதைச் சொன்னேன். சாவியை நீட்டினார். நீட்டிக்கொண்டே அக்காவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நல்ல ஆளாணெங்கில் இவரோட நாட்டுக்காரர் இவரை விட்டிருப்பாங்களோ?"

பாயில் சுற்றிய பொருள்

நான் அந்த வரிசையில் முதன்முதல் குடிவைத்த ஆள் சுப்பையா. அம்பாசமுத்திரத்துக்காரர், ஜவுளிக்கடைக் குமாஸ்தா. நாணுப்பிள்ளை அவருக்குப் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: ஆட்டுரல் கூடாது. பாண்டிக்காரர்கள் (தமிழர்களுக்கு அங்கே அதுதான் பெயர்) விடியற்காலையிலிருந்து மாவாட்டுவார்கள், சுவர் ஆடும், ஓடு சரியும் என்பது அவர் கட்சி. சுப்பையா தலையாட்டிவிட்டு வந்தார். ஆனால் அவர் மனைவி செண்பகம், ஆட்டுரல் இல்லாத வீட்டில் எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்று ஒரே அழுகை. பிறந்த வீட்டிலிருந்து அவளுக்கென்று வந்த கல் அது. ஊரிலிருந்து வண்டியில் வந்து ஒரு மண்டி வாசலில் கிடந்தது.

ஒரு நாள் சாயங்காலம் மசங்கும் நேரத்தில் அதைப் பாயில் சுற்றி, மூங்கிலில் கட்டி, நான்கு பேர் சத்தம் போடாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான்கு பேர் தோளில், பாயில் சுற்றி, பேச்சுமூச்சில்லாமல் ஒரு பொருள் தம் வீட்டுக்குள் போவதை நாணுப்பிள்ளை பார்த்துவிட்டார். கால் மணியில் போலீஸ்காரரோடு வந்து நின்றார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். தெருவே கூடிவிட்டது. சுப்பையாவுக்கு வாய் குழறியது. அது சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. போலீஸ்காரர் கண்ணை இடுக்கிக்கொண்டு பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். உள்ளே கரேலென்று கல் உட்கார்ந்திருந்தது. கூட்டம் சிரித்தது. போலீஸ்காரரும் சிரித்தார். நாணுப்பிள்ளைதான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "சவமாயிருந்தால் நாளைக்கே எடுத்துட்டுப் போயிருப்பாங்க, இது இனி எல்லா நாளும் இவிடேயே இருக்குமல்லோ!"

சிவப்புத் தண்ணீர்

அதே செண்பகத்தின் கைக்குழந்தைக்கு ஒரு சமயம் காய்ச்சல் கண்டது. வீட்டுக்குப் பின்னால் பாம்புகளுக்கென்று விட்டுவைத்த சின்னத் தோப்பு ஒன்று இருந்தது. ஜானகியம்மா தினமும் சாயங்காலம் அங்கே விளக்கு வைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போவாள். மலையாள தேசத்து மாந்திரீகத்தைப் பற்றி ஊரில் கேட்ட கதைகளெல்லாம் செண்பகத்துக்கு ஞாபகம் வந்துவிட்டன. போதாக்குறைக்கு, உச்சிப் பொழுதில் ஜானகியம்மா வந்து எட்டிப் பார்த்து, "குட்டிக்குப் பனி உண்டோ?" என்று கேட்டிருக்கிறாள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். செண்பகத்துக்கு அது தெரியாது. என்னிடம் ஓடிவந்தாள். "அண்ணாச்சி, மண்டை வெடிக்கிற வெயில்ல வந்து பனி இருக்கான்னு கேக்கா. அவ பார்வையே சரியில்ல." விளக்கிச் சொன்னேன். நம்பவில்லை. ஜானகியம்மா கொடுத்தனுப்பிய கஷாயத்தை வாழைமரத்தடியில் ஊற்றினாள். கண்ணேறு கழிய மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆலம் சுற்றி, சிவக்கச் சிவக்க வாசலில் கொட்டினாள்.

மறுநாள் ஜானகியம்மா எனக்கு ஆள் அனுப்பினாள். போனால், அந்த அம்மாள் நடுங்கிக்கொண்டிருக்கிறாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பு நீருக்கு அங்கே குருதி என்று பெயர். ஏவல் வைக்கிறவர்கள் செய்கிற காரியமாம். தன்னைத் தீர்த்துக்கட்டப் பாண்டிக்காரி ஏதோ செய்துவிட்டாள் என்று பயந்து, மாற்றுக்கு அவளும் ஒருவரைக் கூட்டி வந்து குருதி கலக்கி, செண்பகத்தின் பின்வாசலில் ஊற்றியிருந்தாள். இரண்டு வாசலிலும் சிவப்பு. நடுவில் குழந்தை நெருப்பாகக் கொதிக்கிறது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிவகாமிதான் செண்பகத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஜானகியம்மாவின் அடுக்களை வாசலில் உட்காரவைத்தாள். ஒரு தட்டில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். "இதுதானே?" என்றாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஜானகியம்மாதான் முதலில் பேசினாள். குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்களா என்றாள். யாரும் கொண்டுபோகவில்லை. உடனே வண்டி வரவழைத்துக் குழந்தையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகரவில்லை. காய்ச்சல் இறங்கிக் குழந்தை முலைப்பால் குடித்த பிறகு, வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கியதும் செண்பகத்திடம் மெதுவாகச் சொன்னாள்: "பனி விட்டது டாக்டராலே, உன் குருதியாலேயும் அல்ல, என் குருதியாலேயும் அல்ல, ஆனாலும் நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து கொஞ்சம் ஊத்திடலாம்."

அண்ணன் வீட்டுப் பந்தி

இத்தனை வருஷம் அந்நியனாக இருந்து பழகிவிட்டோம், ஊருக்குப் போனாலாவது உரிமையோடு இருக்கலாம் என்று நினைப்போம் இல்லையா? அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் சாம்பார் ஊற்ற வந்தவனிடம், "மதி, மதி" என்றேன். மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். அவன் ஏதோ சாமி பெயர் என்று நினைத்தானோ என்னவோ, இலை நிறைய ஊற்றினான். வரிசை முழுவதும் சிரித்தது. "மலையாளத்தான் வந்திருக்கான்டா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சிவகாமிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவளுடைய சொந்த அத்தையே அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அங்கே மீன் தின்னப் பழகிவிட்டீர்களாமே, உண்மையா என்று கேட்டாளாம்.

நான் பிறந்து வளர்ந்த உள்ளறை பூட்டிக் கிடந்தது. புதுப் பூட்டு. பெட்டியை அங்கே வைத்துக்கொள்ளட்டுமா என்று அண்ணனிடம் கேட்டேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெல் மூட்டை அடுக்கியிருக்கிறது என்றார். சரி என்று கூடத்தில் ஒரு மூலையில் பெட்டியை வைத்தேன். கல்யாணம் முடிந்து புறப்படும்போது வண்டி வரைக்கும் கூடவே வந்தார். ஏதோ நல்ல வார்த்தை சொல்லி அனுப்பப் போகிறார் என்று நின்றேன். சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "தம்பி, பேச்செல்லாம் அந்த ஊர்ப் பேச்சாயிட்டு; கேக்கிற பங்கு மட்டும் இந்த ஊர்ப் பங்கா?"

பின்வாசல் கேட்டவர்

யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அங்கே போய்க் காலூன்றியிருந்த ஜனங்கள் காடும் மலையும் நடந்து, ரயிலேறி, எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் செல்லையா. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். ரங்கூனில் மரக் கிடங்கில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். சாலையில் ஒரு சொந்தக்காரர் கடையில் வேலை கொடுத்ததால் மனைவியோடும் மகளோடும் இங்கே வந்துவிட்டார். வீடு பார்க்கச் சொன்னார். சின்னதாக இருக்கலாம், ஒழுகினாலும் பரவாயில்லை, பின்வாசல் மட்டும் கண்டிப்பாக வேண்டும் என்றார்.

இதைக் கேட்ட வீட்டுக்காரர்கள் எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். பின்வாசலைக் கேட்டு வாங்குகிறவன் எதற்குக் கேட்கிறான்? திருடனாக இருப்பான், இல்லாவிட்டால் கடன்காரனாக இருப்பான். ரங்கூனிலிருந்து ஒரு மனிதன் நடந்தே வர முடியுமா, ஜப்பான்காரன்தான் கொண்டுவந்து இறக்கிவிட்டிருப்பான் என்றார் ஒருவர். எனக்கும் சந்தேகம்தான். கடைசியில் நாணுப்பிள்ளையின் வரிசையில் கடைசி வீடு காலியானது. அதற்குப் பின்வாசல் உண்டு; ஆனால் திருட்டுக்குப் பயந்து நாணுப்பிள்ளை பலகை வைத்து ஆணி அடித்து மூடியிருந்தார். செல்லையா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, சரி என்றார். குடிவந்த மறுநாளே ஆணிகளைப் பிடுங்கிவிட்டார்.

போதாதென்று இன்னொரு வழக்கம் அவருக்கு. சாயங்காலமானால் முற்றத்தில் நின்று வானத்தையே அண்ணாந்து பார்ப்பார். ஏதாவது விமானச் சத்தம் கேட்டால் மகளை வாரி எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடுவார். விளக்குக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்த காலம் அது. ஒற்றன், விமானத்துக்கு ஜாடை காட்டுகிறான் என்று தெரு முழுவதும் பேச்சு. நாணுப்பிள்ளை என்னைப் பிடித்துக்கொண்டார். "நீர் கொண்டுவந்த ஆள், நீரே காலி பண்ணும்." இரண்டு பேருமாகப் போனோம்.

செல்லையா எங்களை உட்காரச் சொன்னார். நாணுப்பிள்ளை உட்காரவில்லை. பிடுங்கிய ஆணிகளைக் குடையால் சுட்டிக்காட்டி, யாரைக் கேட்டுச் செய்தீர் என்றார். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. செல்லையா அந்தப் பின்வாசலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தப்புதாங்க. ரங்கூன்ல எங்க வீட்டுக்கு ஒரே வாசல்தான். குண்டு விழுந்தப்ப அந்த வாசல்தான் முதல்ல பத்திக்கிட்டுது. நாங்க மூணு பேரும் ஜன்னல் வழியாக் குதிச்சிட்டோம். அம்மா படுத்த படுக்கையா இருந்தா. அவளை ஜன்னல்ல எடுக்க முடியல." நாணுப்பிள்ளை குடையை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். என்னை முந்திக்கொண்டு விடுவிடென்று நடந்தார். எனக்கோ பயம், போலீஸிடம் போகிறாரோ என்று.

மறுநாள் காலையில் தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த பலகையை எடுத்துப் போட்டார்கள். பழைய கீலைக் கழற்றிப் புதுக் கீல் வைத்தார்கள். குழந்தை கைக்கும் எட்டுகிற உயரத்தில் தாழ்ப்பாள் போடச் சொன்னார். நின்று தாமே நான்கைந்து தடவை திறந்து மூடிப் பார்த்தார். செல்லையாவின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், வாங்கிக் குடித்தார். வெளியே தெருக்காரர்கள் இரண்டு மூன்று பேர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாணுப்பிள்ளை அவர்கள் காதிலும் விழும்படி என்னிடம் சொன்னார்: "இனி அவர் ஆகாசத்தை எத்தனை நேரம் வேணும்னாலும் நோக்கட்டும், யாராவது கேட்டால் நாணுப்பிள்ளை பறஞ்ஞதாச் சொல்லும்!"

இத்தனை வருஷத்தில் இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான்: வீட்டுக்காரர் குடித்தனக்காரரை முழுசாக நம்ப ஆரம்பிப்பதற்கும், குடித்தனக்காரர் வேறு ஊருக்கு மாற்றலாகி வண்டியில் சாமான் ஏற்றுவதற்கும் எப்படியோ ஒரே நாளில்தான் முகூர்த்தம் வந்து வாய்க்கிறது.