மூடியில் ஒட்டியிருந்த பழைய வளையம்

மூன்று வருஷம் முன்னால், வாணியம்பாடியில் நடந்தது. ஹைவே பக்கம் எனக்கு ஒரு கார் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. இன்ஜின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை அப்போதுதான் வாங்கியிருந்தேன். தலைகால் புரியவில்லை. வண்டி வந்தால் பானெட்டைத் திறக்கும் முன்னால் ஸ்கேனரைச் செருகிவிட்டு டாக்டர் மாதிரி நிற்பேன்.

ஒருநாள் தோல் பதனிடும் டேனரி முதலாளி ஒருவரின் டீசல் கார் வந்தது. கொண்டுவந்தவர் அவரிடம் பதினோரு வருஷமாக வேலை பார்த்த டிரைவர் பாய். இன்ஜின் விளக்கு எரிகிறது, மேட்டில் இழுவை இல்லை என்றார். டீசல் அழுத்தம் குறைவு என்று ஸ்கேனரில் எரர் கோட் வந்தது.

"மேஸ்திரி, போன வாரம் நீங்க டீசல் ஃபில்டர் மாத்துனதுல இருந்துதான் இப்டி பண்ணுது. அத ஒரு தபா தொறந்து பாருங்களேன்" என்றார் பாய்.

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்து கார் ஸ்டாண்ட் டிரைவர்கள் நாலு பேர் நிற்கிறார்கள், அவர்கள் எதிரில் என் வேலையையா குறை சொல்வது? "மிஷினே சொல்லுது, நீ இன்னா பாய் சொல்ற?" என்றேன். என்னைவிடப் பெரியவரை 'நீ' என்றேன். அதே சூட்டில் முதலாளிக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில், "டீசல் சரியில்ல மொதலாளி. உங்க டீசல வித்துட்டு மட்டமான சரக்க ஊத்தியிருக்காங்க" என்றேன். சோதித்துப் பார்த்தேனா? இல்லை. கோட் டீசல் என்றது, அவ்வளவுதான்.

"அவன சாவிய வெச்சிட்டுப் போகச் சொல்லு" என்றார் முதலாளி. பாய் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு நடந்தே போனார்.

டேங்கைக் காலி செய்து புது டீசல் ஊற்றி, ஸ்கேனரில் கோட் நம்பரை அழித்தேன். விளக்கு அணைந்தது. எனக்கு ஒரே பெருமை.

ஐந்தாம் நாள் புது டிரைவரோடு வண்டி திரும்ப வந்தது. அதே கோட். அப்போதுதான் ஃபில்டரைத் திறந்தேன். மூடியில் ஒட்டியிருந்த பழைய ரப்பர் வளையத்தை எடுக்காமலே, அதன்மேல் புதுசைப் போட்டு இறுக்கியிருந்தேன். இடுக்கு வழியே காற்று புகுந்து அழுத்தம் இறங்கியிருக்கிறது. சே, வேலை பழகிய காலத்தில்கூட நான் செய்யாத தப்பு.

அதைவிடக் கேவலம், வளையத்தைக் குப்பையில் போட்டுவிட்டு "ரெடி" என்று வண்டியை அனுப்பியதுதான். எட்டு நாள் வாயைத் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னேன். "அதான் புது ஆளு வந்துட்டானே, வுடுப்பா" என்று தோல் சாம்பிளைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

பாய் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றார், உள்ளே கூப்பிடவில்லை. "வேல போனா போவுது மேஸ்திரி. டீசல் திருடன்னு பேராயிடுச்சு, எவனும் வண்டி தர மாட்டேங்கறான். நாலு பேர் முன்னாடிதான சொன்னீங்க? அங்க வந்து சொல்லுங்க" என்றார்.

மறுநாள் கார் ஸ்டாண்டில் எல்லா டிரைவர்கள் முன்னாலும், தப்பு என்னுடையது, பாய் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னேன். அவருக்கு ஒரு டீ வாங்கி நீட்டினேன். வாங்கவில்லை. "சொல்லிட்டீங்க, சரி" என்று நகர்ந்தார்.

ஆறு மாதம் கழித்துத்தான் அவருக்கு வேறு வண்டி கிடைத்தது. அது ரிப்பேரானால் என் கடையைத் தாண்டி ஆம்பூர் வரை கொண்டுபோகிறார். அந்த வண்டி கடக்கும்போதெல்லாம், என் தப்புக்கு ஒரு நல்ல மனுஷரைத் திருடனாக்கினேனே என்று கூசி, நிமிர்ந்து பார்க்க முடியாமல் பானெட்டுக்குள் குனிந்துகொள்கிறேன்.