சின்னப் பொட்டலத்துப் பருத்தி

என் மாமாவின் பருத்தியைத் தின்றது புழு அல்ல, விதை விற்றவர்கள். புழு பிறகுதான் வந்தது.

மாமா கண்டிக்கு மேலே ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். இனக் கலவரத்தில் வீடு எரிந்ததும் இந்தியாவுக்குப் போய்விட்டார். இப்போது பெரம்பலூர் பக்கம் குத்தகை நிலத்தில் மரபணு மாற்றிய பருத்தி போடுகிறார். தின்ற புழு சாகும் என்று சொல்லி விற்ற விதை. அவருடைய தங்கை, என் சித்தி, இரண்டு மகள்களோடு இன்னும் ஹந்தானையில். மறுபடியும் சண்டை மூண்ட பிறகு மூத்தவளைச் சோதனைச் சாவடியில் இரண்டு தடவை பஸ்ஸிலிருந்து இறக்கி மணிக்கணக்கில் உட்கார வைத்தார்கள். அண்ணனிடமே போய்விடலாம் என்று சித்தி விசா எடுத்துவிட்டார். திங்கட்கிழமை லய அறைச் சாவியைத் தோட்டத்திடம் ஒப்படைக்க வேண்டும். அந்த வாரம்தான், புடவை கொண்டுவரும் ஒருவர் கையில் மாமா நாலு காய்ந்த பருத்திக் காய்களும் கடிதமும் கொழும்புக்கு எனக்கு அனுப்பினார்: "புழு சாக மாட்டேங்குது. இங்க யாரும் காது குடுக்கல. படிச்சவங்க யார்கிட்டயாவது கேளு. நிலம் தேறாதுன்னா தங்கச்சிய வர விடாத."

தை மாதச் சனிக்கிழமை, காலை ஏழு மணிக்குக் கொழும்பு கோட்டை நிலையத்தில் ரயில் ஏறினேன். கண்டிக்கு 121 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி. ரயில் எதன்மேல் போகிறது என்றே தெரியவில்லை. பெட்டிக்குள் வந்த சிப்பாய் என் பையிலிருந்து ஒரு காயை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தான். பருத்தி என்று சிங்களத்தில் சொன்னேன். விரலில் ஒட்டிய பஞ்சை ஊதிவிட்டான். அது ஜன்னலைத் தாண்டி, வெகுதூரம் எங்கள் கூடவே வந்ததுபோல் இருந்தது.

கண்டியிலிருந்து குண்டசாலைக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். அங்கே நண்பனின் அக்கா சுபா இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், பூச்சி ஆராய்ச்சி அவர் வேலை.

"கண்டிக்கு வந்தா எங்களைப் போல பூச்சியையும் பொலிசில பதிய வேணும், தெரியுமோ?" என்று சிரித்தபடி கதிரையை இழுத்துப் போட்டார். காயைப் பிளந்தார். இரண்டு விதைகள் ஒட்டிக்கிடந்தன. பிரித்தால் நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு புழு, நெளிந்தது.

"உயிரோட கடல் தாண்டிக் கொண்டு வந்திருக்கிறீர். விசரே உமக்கு?" நாலு காய்களையும் உடனே ஸ்பிரிட் போத்தலுக்குள் போட்டு மூடினார். பிறகுதான் நிதானமாகப் பேசினார். "ஒரு புழுவை வைச்சு ஒண்டும் முடிவு சொல்ல ஏலாது. விதை போலியாயும் இருக்கலாம், புழு செடியில இருக்கிற நஞ்சுக்குப் பழகியும் இருக்கலாம். விதைப் பெட்டிக்குள்ள சின்னப் பொட்டலத்தில சாதாரணப் பருத்தி விதை இருக்கும். வயலைச் சுத்தி அஞ்சு வரிசை அதை நட வேணும். உம்மட மாமா நட்டவரோ?"

"எதுக்கு, புழு திங்கவா?"

"ஓம், தின்னத்தான். அதில வளர்ற பூச்சிக்கு நஞ்சு பழக்கமில்லை. நஞ்சில தப்பின பூச்சி அதோட சேர்ந்தா, குஞ்சுகள் திரும்பவும் நஞ்சுக்குச் சாகும். ஓரத்தைப் புழுவுக்கு விடாட்டி, தப்பினது தப்பினதோடதான் சேரும்."

பிற்பகல் ஹந்தானை. நகரத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர், ஆட்டோ 350 ரூபாய், ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். மேலே பனி இறங்கியிருந்தது. கடைசி லயத்தின் முன்னால் வெள்ளையாக ஏதோ மிதந்தது. கிட்டப் போனால், தோளுயரச் செடிகள், காய் வெடித்த பருத்தி.

"வாடா கொழும்பான், பேய பாத்தவன் மாதிரி நிக்கிற?" என்றார் சித்தி.

"இது ஏது சித்தி?"

"அண்ணன் அனுப்புச்சு. வெதப் பெட்டிக்குள்ள சின்னப் பொட்டலம் ஒண்ணு இனாமா வந்துச்சாம். தங்கச்சிக்கு வெளக்குத் திரிக்கு ஆகட்டும்னு. அங்க எல்லாரும் அத குப்பையில கொட்டுறாங்களாம். எங்க அண்ணன்தான் வீணாக்கல."

ஓரத்தில் நட வேண்டிய அதே பொட்டலம். சுபா சொன்னதை அப்படியே சித்தியிடம் சொன்னேன். சித்தி பஞ்சைப் பறித்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணன் ஒத்த ஆளு நட்டிருந்தா போதுமா?"

"ஊரே நடணும் சித்தி."

"ஊருக்கு யாரு சொன்னா?"

காலிப் பொட்டலத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். ஓரத்தில் நடச் சொல்லி எறும்பளவு ஆங்கில எழுத்து, கீழே விதைக் கம்பெனியின் தொலைபேசி எண். மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் ஊரில் யாருக்குத் தெரியும்?

ஹந்தானைக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டரும் அடையாள அட்டையும் மறக்காதீர்கள். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். விதையோ காயோ கடல் தாண்டிக் கொண்டு வராதீர்கள். நான் செய்தது தப்பு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாங்கள் எங்கேயும் போகவில்லை. பனிக்குள் அந்தச் செடிகள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. ஒரு காயில்கூடப் புழு இல்லை.

திங்கள் காலை ஒன்பதரைக்கு, கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், கொமியூனிகேஷன் என்கிற தொலைபேசிக் கடையில் அந்த எண்ணை அடித்தேன். நிமிடத்துக்குக் காசு என்பதால் கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு போயிருந்தேன். மூன்றாம் தடவை ஓர் ஆண் குரல் தமிழில் வணக்கம் சொன்னது. சித்தி ரிசீவரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மற்றக் கையில் லயத்துச் சாவி.

"சின்னப் பொட்டலம் எதுக்குன்னு எங்க அண்ணன்கிட்ட வந்து சொன்ன ஆளு யாரு? பேரச் சொல்லுங்க."

சித்தி சாவியை மேசைமேல் வைத்தார்.

"சொல்லுங்க. இந்தச் சாவிய நான் குடுக்கறதா வேணாமா?"