வெள்ளி பெயிண்ட் அடித்த போல்ட்

சபையாரே, இரண்டு ஞாயிறுக்கு முன் எழுந்து நின்று, பெருங்காற்றில் என் பாய்மரம் சாய்ந்தது, கர்த்தர் காப்பாற்றினார் என்று சொன்னேன். நீங்களும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். அவர் காப்பாற்றியது உண்மை. ஆனால் காற்றின் மேல் ஒரு குற்றமும் இல்லை. வெட்கத்தோடு இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது எழுபத்திரண்டு. முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியார். பன்னிரண்டடி பாய்ப்படகு ஒன்று வைத்திருக்கிறேன். பாய்மரத்தை மூன்று கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கும். ஒவ்வொரு கம்பியின் அடியையும் ஒரு ஸ்டீல் ஆணி படகோடு பூட்டும். உப்பளத்துக் காற்றில் இடப்பக்கத்து ஆணி பாதியாகத் தேய்ந்துவிட்டது. புதுச்சேரியில் கேட்டேன், புதிது வர பத்து நாள் ஆகும் என்றார்கள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமையே கடலுக்குக் கூட்டிப் போவதாக என் மனைவியின் தம்பி தேவராஜிடம் சொல்லியிருந்தேன். அவன் உப்பளத்தில் வேலை செய்கிறவன். நீச்சல் தெரியாது. போன மாதம்தான், உப்பளத்து மோட்டாரில் ஒரு போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லை என்று நாலு பேர் முன்னால் அவனைத் திட்டியிருந்தேன். அந்த வாயால் என் ஆணி தேய்ந்ததை எப்படிச் சொல்வேன்? உப்பளத்தில் கழித்துப்போட்ட மோட்டார் போல்ட் ஒன்றை எடுத்து மாட்டினேன். பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவான் என்று வெள்ளி பெயிண்ட் அடித்தேன். இரண்டு கோட்டு.

சனிக்கிழமை காலை கரையில் உரக்க எண்ணினேன். "கம்பி மூணு. ஆணி மூணு."

தேவராஜ் சிரித்தான். "எண்ணாம மாமா தும்மக்கூட மாட்டாரு. எனக்கு என்ன பயம்?"

எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

கரை மறையும் தூரத்தில் டப்பென்று ஒரு சத்தம். இடப்பக்கக் கம்பி தெறித்தது. மரம் சாய்ந்தது, தண்ணீர் உள்ளே வந்தது. நான் பாயை இறக்க, தேவராஜ் கம்பியை வெறுங்கையால் இழுத்துப் பிடித்தான். உப்பில் வெடித்த கைகள். ரத்தம் வந்தது.

நான் ஜெபித்தேன். என்னவென்று? "ஆண்டவரே, இவனுக்குத் தெரியக்கூடாது." முதல் ஜெபம் அதுதான்.

உடைந்த பாதி அவன் காலடியிலேயே கிடந்தது. குனிந்து பார்த்தான். "இது மோட்டார் போல்ட்டாச்சே, மாமா?"

"ஆமாம்பா. நான்தான் பெயிண்ட் அடிச்சேன்."

பிறகுதான் என்னால் ஒழுங்காக ஜெபிக்க முடிந்தது. "பொய் என்னுடையது, ஆண்டவரே. இவனைக் கரை சேர்த்தருளும்."

தேவராஜ் அந்தப் பாதியைக் காலால் ஒதுக்கினான். பிறகு, "நங்கூரக் கயித்தைக் குடுங்க. அழுதா மரம் நிக்காது" என்றான். கம்பியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். எத்தனை சுற்று என்று நான் எண்ணவில்லை.

கூனிமேட்டு முஸ்லிம் மீனவர் ஒருவரின் படகு எங்களை நோக்கி வந்தது. "இந்தப் பக்கம் எனக்கு வேலையே இல்ல, பெரியவரே. ஏன் வந்தேன்னு தெரியல" என்று சொல்லிக்கொண்டே எங்களைக் கரைக்கு இழுத்துப் போனார். ஏன் வந்தார் என்று எனக்குத் தெரியும்.

அப்படியிருந்தும் உங்கள் முன்னால் காற்றின் மேல் பழியைப் போட்டேன். கையில் கட்டோடு தேவராஜ் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். வெளியே வந்ததும் ஒன்றுதான் சொன்னான்: "காத்து வந்து சாட்சி சொல்லாதுன்னு தைரியமா, மாமா?"

பதினான்கு நாள் சரியாகத் தூங்கவில்லை.

இப்போது புது ஆணி மாட்டியாயிற்று. புறப்படும் முன் தேவராஜ் ஒவ்வொன்றையும் கையால் ஆட்டிப் பார்க்கிறான். நான் வாய் மூடி நிற்கிறேன்.

அன்பானவர்களே, நீங்களும் எதையாவது பெயிண்ட் அடித்து மறைத்திருந்தால் உடையும் முன்னே அவரிடம் காட்டிவிடுங்கள். உடைந்த பிறகு காட்டிய என்னையே அவர் தள்ளவில்லை.