இடுப்பில் ஏறிய சிங்கம்

"கம்பெனி மருந்தத் தவிர வேற எதுவும் இந்த ஒடம்புல படாது. செத்தாலும் சயன்ஸ்படிதான் சாவேன்" என்று காவாந்தண்டலம் தாமோதரன், 1979ஆம் ஆண்டு உத்திரமேரூர் பேருந்து நிலைய டீக்கடையில் அறிவித்தார். டீ ஆற்றுகிறவர் உட்பட எல்லோரும் தலையாட்டினார்கள்.

அப்போது அவர் காஞ்சிபுரத்தில் பி.எஸ்ஸி. வேதியியல் இறுதியாண்டு, அறிவியல் மன்றச் செயலாளர் வேறு. 'நாட்டு வைத்தியத்தில் நம்பிக்கை உண்டா?' என்று தாள் அடித்து வகுப்பில் நாற்பத்திரண்டு பேருக்கும் கொடுத்தார். ஒவ்வொருவரும் எழுதி முடிக்கும்வரை தோளருகே நின்று பார்த்துக்கொண்டார். நாற்பத்திரண்டு பேரும் 'இல்லை' என்றே எழுதினார்கள். மாணவர் சமுதாயம் விழித்துக்கொண்டதாக முடிவு அறிவிக்கப்பட்டது.

செய்முறைத் தேர்வு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, செயலாளரின் இடுப்பில், சரியாக பேண்ட் உட்காரும் இடத்தில், கொப்புளங்கள் வரிசைகட்டி எரிந்தன. ஆஸ்பத்திரி டாக்டர் ரோஸ் நிறத்தில் ஒரு தைலம் கொடுத்து, இரண்டு வாரத்தில் தானே அடங்கும் என்றார். தேர்வுக்கோ ஐந்தே நாள். வேட்டியோடு வந்தால் ஆய்வுக்கூடத்தில் விடமாட்டார்கள். பேண்டின் கொக்கியை மாட்டினால் உயிர் போயிற்று. தேர்வை விட்டால் ஒரு வருஷம் வீண்.

"இது அக்கிடா நைனா. கொசவர் இருசப்பன் வூட்டுக்குப் போய் எழுதிக்கினு வா" என்றார் அம்மா ஜெயம்மாள். காவிக்கல்லை உரைத்து, கொப்புளத்தின்மேல் சேவல் இறகால் சிங்கம் வரைவார் இருசப்பன். மூன்று நாள் வரையவேண்டும். சிங்கத்தைக் கண்டால் அக்கி ஓடிவிடும்.

"அது வைரஸ்மா. வைரசுக்கு சிங்கம்னா இன்னான்னு தெரியுமா?"

"அதுக்குத் தெரியாட்டி போவுது. எரியறது ஒனக்குத்தானே?"

செவ்வாய்க்கிழமை காலை, ஆராய்ச்சி நோக்கத்தோடு மட்டும், தாமோதரன் இருசப்பன் வீட்டுக்குப் போனார். அங்கே சட்டையைக் கழற்றி, முதுகில் ஈரக் காவியோடு உட்கார்ந்திருந்தவர் வகுப்புத் தோழர் கன்னியப்பன்.

"இன்னாடா இங்க?" என்றார் தாமோதரன்.

"சும்மா, எப்படி எழுதறாங்கன்னு பாக்கலாம்னு. நீ?"

"நானும் அதுக்குத்தான்."

"ரெண்டு பேரும் பாத்துக்கினே இருங்க. அடுத்த ஆள் சட்டையத் தூக்கு" என்றார் இருசப்பன்.

புதன்கிழமையும் சிங்கம் ஏறியது. வியாழன் காலை எரிச்சல் தணிந்து, பேண்ட் கொக்கி வலியில்லாமல் மாட்டியது. டாக்டர் கொடுத்த தைலம் நன்றாக வேலை செய்வதாக அம்மாவிடம் எடுத்துச் சொன்னார். பிறகு, பரீட்சைக்கு நூலகத்தில் படிக்கவேண்டும் என்று நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பி, நேரே குயவர் தெருவுக்குப் போனார்.

மூன்றாம் நாள் சிங்கத்தை வரைந்து முடித்து, இருசப்பன் கை கழுவ எழுந்துவிட்டார். தாமோதரன் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி, கழுத்தைத் திருப்பி இடுப்பைப் பார்த்தார். தெருவில் யாராவது வருகிறார்களா என்றும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஏங்க," என்றார் தணிந்த குரலில், "வால வுட்டுட்டீங்க. அதையும் போட்டுடுங்க."